ஆர்சி டிரக் ஷாக் மக்கர் பண்ணுதா? ஆயில் நம்பரை மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

ரிமோட்ல ஓட்டுற ஆர்சி டிரக் ஜம்ப்ல இருந்து இறங்கும்போது வண்டியோட வயிறு தரையில அடிக்குது, இல்ல மேடு பள்ளத்துல தவளை மாதிரி குதிக்குதுன்னா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எத்தனை வெயிட் ஆயில் ஊத்தணும்?" ஷாக்னா சக்கரத்தோட அதிர்வைத் தாங்குற, உள்ள ஆயில் இருக்குற குழாய், அந்த ஆயில் எவ்வளவு கெட்டிங்கிற நம்பர்தான் வெயிட். என்னைக் கேட்டா அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. ஷாக் தொல்லை பெரும்பாலும் மூணு விஷயத்துலதான் வந்து நிக்கும். உள்ள காத்து மாட்டியிருக்கும், ஆயில் அளவு கூடவோ கம்மியாவோ இருக்கும், இல்ல எங்கயோ ஒண்ணு உரசிட்டு இருக்கும். இந்த மூணையும் சரி பண்ணாம நம்பரை மட்டும் 30ல இருந்து 40க்கு ஏத்தினா தொல்லை அப்படியே இருக்கும், கூடவே வண்டி இன்னும் கல்லு மாதிரி ஆயிடும்.

அதனால முதல்ல கையால பாருங்க. ஷாக்கை வண்டில இருந்து கழட்டி, கீழ இருக்குற ஸ்ப்ரிங் கப்பை எடுத்துட்டு ஸ்ப்ரிங்கையும் உருவிடுங்க. ஸ்ப்ரிங் மாட்டியிருக்குற வரைக்கும் உள்ள என்ன நடக்குதுன்னு கைக்குத் தெரியவே தெரியாது. இப்ப ஷாஃப்டை, அதாவது ஷாக்குக்கு உள்ளயும் வெளியயும் போற கம்பியை, மெதுவா உள்ள தள்ளுங்க, வெளிய இழுங்க, ஒரு பத்து தடவை. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி பிடிச்சு பிடிச்சு போகணும், நடுவுல எங்கயும் சட்டுனு லேசாகக் கூடாது, எங்கயும் முட்டக் கூடாது. அப்புறம் முழுசா உள்ள தள்ளிட்டு விடுங்க, எவ்வளவு தூரம் தானா வெளிய வருதுன்னு பாருங்க. அதே மாதிரி ஜோடி ஷாக்கையும் செஞ்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. முன் பக்கத்து ஷாக்கை முன் பக்கத்து ஷாக்கோட மட்டும் ஒப்பிடணும், பின் பக்கம் நீளமும் வேற, ஆயிலும் வேறயா இருக்கலாம்.

ஷாக் வெளிய இருக்கும்போதே இன்னொரு வேலையும் முடிச்சிடலாம். சக்கரத்தைத் தாங்குற ஆர்மைத் தூக்கி விடுங்க. அது தன்னோட எடைக்கே தடங்கல் இல்லாம கீழ விழணும். பாதில நின்னுச்சுன்னா உங்க பிரச்சினை ஷாக்கே இல்ல, ஆர்மைப் பிடிச்சிருக்குற ஹிஞ்ச் பின் வளைஞ்சிருக்கு இல்ல உள்ள மண்ணு அடைச்சிருக்கு. இதைப் பாக்காமலே நாலு ஷாக்கையும் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்குறவங்க நிறைய பேரு.

ஷாஃப்டை அசைச்சா சொதக் சொதக்னு சத்தம் வருது, நடுவுல ஒரு இடத்துல பிடியே இல்ல

உள்ள காத்து இருக்கு. ஷாஃப்டோட உள்முனையில இருக்குற ஓட்டை போட்ட வட்டு, அதான் பிஸ்டன், ஆயில்ல போறப்ப பிடிக்கும், காத்துக் குமிழி வழியா போறப்ப சட்டுனு வழுக்கிட்டு ஓடும், அந்த வித்தியாசம்தான் கைல தெரியுது.

ஆனா பிரிக்கிறதுக்கு முன்னாடி உங்க ஷாக் எந்த வகைன்னு தெரிஞ்சுக்கோங்க. மூடிக்கு அடியில கிண்ணம் மாதிரி ரப்பர் பிளாடர் இருந்தா, ஆயில் இருக்குற இடத்துல காத்தே இருக்கக் கூடாது. பிளாடர் இல்லாம, மூடில ஒரு சின்ன ஸ்க்ரூ மட்டும் இருந்தா அது பெரும்பாலும் எமல்ஷன் வகை, அதுல கொஞ்சம் காத்தும் ஆயிலும் கலந்து நுரைச்சு வேலை செய்யுற மாதிரிதான் டிசைன். ராத்திரி முழுக்க சும்மா கிடந்த எமல்ஷன் ஷாக்ல காத்து மேல ஏறிடும், காலைல எடுத்து அசைச்சா சத்தம் வரத்தான் செய்யும். பத்து பதினஞ்சு தடவை பம்ப் பண்ணி கலக்கிட்டு அதுக்கப்புறம் டெஸ்ட் பண்ணுங்க. அப்பவும் சொதக்குனா மட்டும் திறங்க.

ஏன் காத்தோ பிளாடரோ ஒண்ணு கட்டாயம் தேவைன்னா, ஷாஃப்ட் உள்ள போகும்போது அதுக்கும் ஒரு இடம் வேணும். ஆயில் அமுங்காது. ஷாஃப்ட் அடைச்ச இடத்துக்கு ஈடா வேற ஏதாவது சுருங்கணும், அது பிளாடரா இருக்கலாம் இல்ல காத்தா இருக்கலாம். இதை மனசுல வச்சுக்கிட்டா கீழ வர்ற பாதி விஷயம் நீங்களே யூகிச்சிடலாம்.

சரி, ஆயில் ஊத்துறது. திறக்குறதுக்கு முன்னாடி வெளிய இருக்குற மண்ணை பிரஷ் வச்சு நல்லா தட்டிடுங்க, மூடியோட மரையில ஒட்டின ஒரு பொடி மண்ணு உள்ள விழுந்தா அது நேரா ஆயில் கசியாம ஷாஃப்டைச் சுத்தி அடைக்கிற ரப்பர் வளையம், அதான் ஓ-ரிங், அதுக்குத்தான் போகும். மூடியைக் கழட்டி பழைய ஆயிலை ஊத்திட்டு, உள்ள பஞ்சு நூல் ஒட்டாத துணியால துடைங்க. ஷாஃப்டை முழுசா வெளிய இழுத்து, அதாவது பிஸ்டன் அடியில இருக்குற மாதிரி, ஷாக்கை நேரா நிறுத்துங்க. புது ஆயிலை உள்சுவர் ஓரமா வழியவிட்டு மெதுவா ஊத்துங்க, மேல இருந்து சளசளன்னு கொட்டினா நீங்களே காத்தைக் கலக்கிவிட்ட மாதிரி. முக்காவாசி நிறைஞ்சதும் பிஸ்டனை மெதுவா மேலயும் கீழயும் நகத்துங்க. பிஸ்டன் ஓட்டை வழியா பொடிப் பொடியா குமிழி கிளம்பி வரும், முதல்ல கூட்டமா வரும், அப்புறம் ஒண்ணு ரெண்டா வரும். பிஸ்டன் ஆயில் மட்டத்துக்கு மேல மட்டும் வந்துடக் கூடாது, வந்தா மறுபடி காத்தைக் கூட்டிட்டுத்தான் கீழ போகும். அப்புறம் ஆயிலை விளிம்பு வரைக்கும் ஊத்தி, ஷாஃப்டை வெளிய இழுத்தபடியே விட்டுட்டு ஒரு பத்து நிமிஷம் வேற வேலை பாருங்க. கெட்டி ஆயில்னா இன்னும் நேரம் எடுக்கும். இந்தக் காத்திருப்பைத்தான் எல்லாரும் தவிர்க்கப் பாக்குறாங்க, பிரச்சினையும் பெரும்பாலும் இங்கதான் ஆரம்பிக்குது.

பிளாடர் வகைன்னா பிளாடரை ஒரு ஓரத்துல இருந்து சாய்ச்சு படுக்கவைங்க, அடியில காத்து மாட்டாது, மிச்ச ஆயில் விளிம்புல வழியும், வழியட்டும், கீழ டிஷ்யூ போட்டுக்கோங்க. அப்புறம் மூடியை ரெண்டு மூணு மரை மட்டும் பிடிக்கிற மாதிரி திருகிட்டு ஷாஃப்டை மெதுவா உள்ள தள்ளுங்க, கூடுதல் ஆயில் மரை ஓரமா கசியும், தள்ளின இடத்துலயே பிடிச்சுக்கிட்டு மூடியை இறுக்குங்க. எமல்ஷன் வகைல மூடியை முழுசா இறுக்கிட்டு, மேல இருக்குற சின்ன ஸ்க்ரூவைக் கழட்டி வச்சுக்கிட்டு ஷாஃப்டைத் தள்ளி அந்த ஓட்டை வழியா காத்தையும் மிச்ச ஆயிலையும் வெளியேத்தி, அப்படியே பிடிச்சுக்கிட்டு ஸ்க்ரூவை மாட்டணும். மூடும்போது ஷாஃப்ட் எவ்வளவு உள்ள இருக்கோ அதைப் பொறுத்துதான் அது தானா திரும்பி வர்ற தூரம். முழுசா உள்ள தள்ளி மூடினா கிட்டத்தட்ட வரவே வராது, பாதில மூடினா பாதி தூரம் வரும். எது நல்லதுன்னு சண்டை போடுறவங்க போடட்டும், இடதும் வலதும் ஒரே அளவு வருதாங்கிறதுதான் முக்கியம்.

ஷாஃப்ட் கடைசி கொஞ்ச தூரம் உள்ளயே போகல, இல்ல விட்டதும் விசையோட வெளிய தள்ளுது

ஆயில் கூடிப்போச்சு. ஷாஃப்டுக்கு இடமில்லாம முட்டுது. இப்படியே ஓட்டினா பெரிய ஜம்ப்ல இறங்குறப்ப அந்த அழுத்தம் எங்கயாவது வெளிய போயே ஆகணும், பிளாஸ்டிக் மூடின்னா மரையோட பிச்சுக்கிட்டு பறக்கும், அலுமினிய மூடின்னா பிளாடர் கிழியும் இல்ல கீழ ஓ-ரிங் வழியா பீச்சும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, ஷாஃப்டைத் தள்ளி ரெண்டு மூணு சொட்டு வெளிய விட்டுட்டு மறுபடி இறுக்கினா போதும், முழுசா பிரிக்கத் தேவையில்ல. தளர்த்தின மூடியோட ஷாஃப்டை வெளிய மட்டும் இழுத்துடாதீங்க, காத்தை உறிஞ்சிடும்.

வெளிய இழுத்தா தானா உள்ள போகுது

இது மேல சொன்னதோட நேர் எதிர். ஆயில் கம்மி, உள்ள வெற்றிடம் இழுக்குது. கொஞ்சூண்டு உள்ள போனா கண்டுக்காதீங்க, பாதி தூரம் போனா மூடியைத் திறந்து ஷாஃப்டை முழுசா வெளிய இழுத்து, விளிம்பு வரைக்கும் ஊத்தி, குமிழி அடங்கினதும் மறுபடி மூடுங்க. புதுசா ஊத்தினதுக்கு அப்புறம் ரெண்டு மூணு பேட்டரி ஓடினதும் இப்படி ஆச்சுன்னா ஒண்ணு லீக், இல்ல முதல்ல மாட்டியிருந்த காத்து இப்ப வெளிய வந்துருக்கு.

கீழ ஷாஃப்ட் ஓரமா ஈரம், அதுல மண்ணு அப்பிக் கிடக்கு

ஆயில் ஊத்தின அன்னிக்கே இது தெரிஞ்சா பதறாதீங்க. மூடி மரையில தங்கின ஆயில்தான் பாடி வழியா வழிஞ்சு கீழ வந்து நிக்கும். எல்லாத்தையும் துடைச்சுட்டு, ஷாஃப்டை ஒரு இருபது தடவை அசைச்சுட்டு, டிஷ்யூ மேல ஷாஃப்ட் கீழ பாக்குற மாதிரி ராத்திரி நிறுத்தி வைங்க. காலைல டிஷ்யூ காய்ஞ்சு இருந்தா லீக் இல்ல.

வட்டமா ஆயில் கறை இருந்தா கீழ் ஓ-ரிங் போச்சு, இல்ல ஷாஃப்டுல கீறல் இருக்கு. இதுல எதுன்னு கண்டுபிடிக்காம ஓ-ரிங்கை மட்டும் மாத்துறதுலதான் காசு வீணாகுது. ஷாஃப்டை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க, அப்புறம் நகத்தை நீளவாக்குல ஓட்டுங்க. நகம் ஒரு இடத்துல தட்டினாலும் அந்த ஷாஃப்ட் எத்தனை புது ஓ-ரிங் போட்டாலும் அறுத்துக்கிட்டே இருக்கும். கீறல் மண்ணால மட்டும் வர்றதில்ல, ஷாஃப்டோட கீழ் முனையில மாட்டியிருக்குற ராட் எண்டைக் கழட்டும்போது ஷாஃப்டை வெறும் குறடால பிடிச்சதாலயும் வரும். அதுக்குன்னே வர்ற ஷாஃப்ட் பிளையர் இல்லாட்டி தடிமனான ரப்பர் துண்டோ தோலோ சுத்திப் பிடிங்க.

ஓ-ரிங் மாத்தும்போது ஷாஃப்டோட மரை இருக்குற முனையை அப்படியே உள்ள நுழைக்காதீங்க. அந்த மரை ஒவ்வொண்ணும் கத்தி விளிம்பு மாதிரி, புது ஓ-ரிங்கோட உள் உதட்டை நுழையும்போதே கீறிடும், அப்புறம் "புதுசு போட்டும் லீக் ஆகுது"ன்னு புலம்ப வேண்டியதுதான். மரை மேல ஷாக் ஆயில் தடவி, மெல்லிசா டேப் சுத்தி, திருகுற மாதிரி மெதுவா கொண்டு போங்க. ஓ-ரிங்கையும் ஆயில்லயோ சிலிக்கான் கிரீஸ்லயோ முக்கி எடுத்துட்டு போடுங்க. ரெண்டு ஓ-ரிங்குக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசர் வர்ற டிசைன்னா பிரிச்ச வரிசையை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, சுத்தம் பண்றேன்னு பெட்ரோல், பிரேக் கிளீனர், துரு எடுக்குற ஸ்ப்ரே எதையும் ஓ-ரிங் மேல அடிக்காதீங்க. சிலிக்கான் ரப்பர்னா ஊதிப் பெருத்துடும். பாத்திரம் கழுவுற சோப்பும் வெந்நீரும் போதும், நல்லா காயவச்சிட்டு மாட்டுங்க.

மேல மூடி ஓரமா கசியுது

மூடியை இன்னும் இறுக்கணும்னு கை பரபரக்கும். வேண்டாம். கழட்டிப் பாருங்க, பிளாடரோட விளிம்பு ஒரு பக்கம் மடிஞ்சு நசுங்கியிருக்கும், இல்ல மூடி கோணலா மரை ஏறியிருக்கும். மாட்டும்போது முதல்ல எதிர் திசைல கால் சுத்து திருப்புங்க, மரை "டக்"னு உக்காருறது கைக்குத் தெரியும், அங்க இருந்து முறையா திருகுங்க. பிளாஸ்டிக் மூடிக்கு கை இறுக்கமே போதும்.

ஷாஃப்ட் திக்கித் திக்கிப் போகுது

ஆயிலை வெளிய ஊத்திட்டு வெறும் ஷாக்கா அசைச்சுப் பாருங்க. அப்பவும் திக்கினா ஷாஃப்ட் வளைஞ்சிருக்கலாம், கழட்டி கண்ணாடி மேல உருட்டுங்க, வளைஞ்சிருந்தா அடியில வெளிச்சம் வந்து வந்து போகும். நேரா இருந்தா கீழ் மூடியை ஓவரா இறுக்கி ஓ-ரிங்கை நசுக்கியிருக்கீங்களான்னு பாருங்க, கால் சுத்து தளர்த்தினாலே தெரிஞ்சிடும். கைல நல்லா போற ஷாக் வண்டில மாட்டினதும் திக்குதுன்னா மேல் ஸ்க்ரூ ரொம்ப டைட், ஷாக் சாயவே முடியல. மாட்டின பிறகு ஷாக்கை விரலால பிடிச்சு அசைச்சா மேலயும் கீழயும் லேசா ஆடணும்.

திடீர்னு ஒரு மூலை மட்டும் பிடியே இல்லாம ஆடுது, ஆனா லீக் இல்ல

பிஸ்டன் கழண்டிருச்சு. ஷாஃப்ட் முனையில பிஸ்டனைப் பிடிக்கிற நட்டோ ஈ-கிளிப்போ விழுந்திருக்கும், இல்ல பிளாஸ்டிக் பிஸ்டன் உடைஞ்சிருக்கும். உடனே நிறுத்துங்க, அந்த கிளிப் உள்ள கிடந்து சுவரைக் கீறிடும்.

வண்டி ஒரு பக்கம் சாய்ஞ்சு நிக்குது

இதுக்கும் ஆயில் நம்பருக்கும் சம்பந்தமே இல்ல. நிக்கிற வண்டியோட உயரத்தைத் தீர்மானிக்கிறது ஸ்ப்ரிங்கும், அதை அமுக்கிப் பிடிக்கிற வளையமான பிரீலோட் காலரும், எடை எங்க உக்காந்திருக்குங்கிறதும்தான். ஆயில் எவ்வளவு வேகமா அமுங்கணும்னு மட்டும்தான் சொல்லும், எவ்வளவு அமுங்கணும்னு சொல்லாது. காலர் ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல இருக்கான்னு ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. சரியா இருந்தா ஸ்ப்ரிங் ரெண்டையும் பக்கத்துல நிறுத்துங்க, ஒண்ணு தளர்ந்து குட்டையாகியிருக்கலாம். கூடவே ஒரு பக்கம் ஆயில் கூடி ஷாஃப்டைத் தள்ளிட்டு இருக்கான்னும் பாத்துக்கோங்க.

எல்லாம் சரி, ஆனா இன்னும் வயிறு அடிக்குது, இல்ல குதிக்குது

இப்ப ஆயில் நம்பர் பத்திப் பேசலாம். முதல்ல ஒரு எச்சரிக்கை, வெயிட் நம்பரை கம்பெனிக்கு கம்பெனி நம்பாதீங்க. ஒருத்தரோட 30ம் இன்னொருத்தரோட 30ம் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயமில்ல. பாட்டில்ல பெரும்பாலும் சிஎஸ்டின்னு (cSt, ஆயிலோட கெட்டியை அளக்குற அலகு) இன்னொரு நம்பர் இருக்கும், அதை வச்சு ஒப்பிடுங்க. உதாரணத்துக்கு டீம் அசோசியேட்டடோட கணக்குல 30 வெயிட்னா 350 சிஎஸ்டி, 35னா 425, 40னா 500. டிஃப்ரென்ஷியலுக்கு, அதாவது ரெண்டு பக்க சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியருக்கு, வர்ற சிலிக்கான் ஆயில் ஆயிரக்கணக்குல சிஎஸ்டி இருக்கும், பாட்டில் பாக்க ஒரே மாதிரி இருக்குறதால மாத்தி ஊத்திடாதீங்க. என்ஜின் ஆயிலும் தையல் மெஷின் ஆயிலும் வேண்டவே வேண்டாம், சூடு ஏறினா ஷாக்குக்கு ஊத்துற சிலிக்கான் ஆயிலை விட ரொம்ப இளகிடும், ஓ-ரிங்குக்கும் ஆகாது.

வண்டியை முழங்கால் உயரத்துல இருந்து நாலு சக்கரமும் ஒண்ணா படுற மாதிரி விடுங்க. டம்னு வயிறு அடிச்சு, அப்புறம் ரெண்டு மூணு தடவை துள்ளினா டேம்பிங், அதாவது ஆயிலோட பிடி, பத்தல, ஒரு படி கெட்டி ஆயில் போடலாம். வயிறு அடிக்குது ஆனா துள்ளல் இல்லன்னா ஸ்ப்ரிங் மெல்லிசு, அதை மாத்துங்க. வயிறு அடிக்கல, ஆனா இறங்கினதும் மொத்த வண்டியும் பந்து மாதிரி எகிறுதுன்னா ஷாக் அமுங்கவே இல்ல, ஆயில் ரொம்ப கெட்டி இல்ல பிஸ்டன் ஓட்டை ரொம்பச் சின்னது. சின்ன ஓட்டை வழியா ஆயில் வேகமா போகணும்னா எதிர்ப்பு சட்டுனு எகிறும், அதனால கைல மெதுவா தள்ளினா மெத்துனு இருக்குற ஷாக் ஜம்ப்ல கட்டை மாதிரி ஆகும். அந்த நேரத்துல ஆயிலை மெல்லிசாக்குறதை விட பெரிய ஓட்டை பிஸ்டன் போட்டு ஆயிலைக் கெட்டியாக்குறது சில வண்டிக்கு நல்லா அமையும், தொடர் மேடு இருக்குற டிராக்ல முக்கியமா.

மாத்துறதுன்னா ஒரு நேரத்துல முன் ஜோடி இல்ல பின் ஜோடி மட்டும், அதுவும் 5 வெயிட் படியா. நாலையும் ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

ஆரம்பத்துல நல்லா இருக்கு, ஓட ஓட மெத்துனு ஆகுது

சூடு. பிஸ்டன் ஆயிலைப் பிழிய பிழிய அது சூடாகும், சிலிக்கான் ஆயிலும் சூட்டுல இளகும், கருப்பு பாடி ஷாக் உச்சி வெயில்ல நின்னா சொல்லவே வேண்டாம். கொஞ்சம் இளகினா சகஜம், வெயில் காலத்துக்கு ஒரு படி கெட்டியும் குளிர் காலத்துக்கு ஒரு படி மெல்லிசும் போட்டுக்கலாம். ஆனா அஞ்சு நிமிஷத்துல மொத்தமா பிடி போச்சுன்னா அது சூடு இல்ல, காத்து ஆயில்ல கலந்து நுரைக்குது, மேல சொன்ன முதல் அறிகுறிக்கே திரும்பிப் போங்க.

திறக்குறப்ப பழைய ஆயிலை வெள்ளை டிஷ்யூல ஊத்திப் பாருங்க. சாம்பல் கலர்ல மினுமினுன்னு இருந்தா அலுமினியம் தேயுது, பிஸ்டன் சுவரை உரசுதான்னு பாக்கணும். வெறும் கருப்புன்னா அழுக்கும் ரப்பரும், புது ஆயில் ஊத்திட்டுப் போகலாம். தண்ணில ஓட்டின பிறகு பால் மாதிரி கலங்கி, அடியில துளித்துளியா தனியா நின்னா தண்ணி புகுந்திருக்கு, அப்ப கீழ் ஓ-ரிங்கையும் சேத்து மாத்திடுங்க, ஏன்னா தண்ணி உள்ள வந்த வழியாவே நாளைக்கு ஆயில் வெளிய வரும்.